பௌர்ணமிச் சலுகை

பாலாஜி உள்ளே வந்த வேகத்தில் வரவேற்பு மேசையின் கண்ணாடியை உள்ளங்கையால் ஓங்கி அடித்தான். காத்திருந்த பெண்கள் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"யாரு அனுப்பினீங்க? எங்க அண்ணன் போனுக்கு யாரு அனுப்பினீங்க?"

வரவேற்பில் இருந்த சரோஜா எழுந்து நின்றாள். என்ன கேட்கிறான் என்றே அவளுக்குப் புரியவில்லை. அவனை நன்றாகத் தெரியும். இருவருக்கும் வேங்கிக்கால்தான், பக்கத்துப் பக்கத்துத் தெரு. இரண்டு வருடம் முன்பு அவனும் அவன் மனைவி வினோதினியும் முதல் தடவை இந்தக் கருத்தரிப்பு மையத்துக்கு வந்தபோது பதிவு செய்ததே அவள்தான். ஊரில் எங்கே எதிர்ப்பட்டாலும் தெரியாதவள் போல முகத்தைத் திருப்பிக்கொண்டு போவாள். அது இந்த வேலையின் மரியாதை.

"நீதான். எங்க ஊர்ல உன்னைத் தவிர யாருக்குத் தெரியும்?"

சத்தம் கேட்டு உள்ளறையிலிருந்து கவிநிலா வந்தாள். மையத்தின் கணினிகளும் நோயாளிகளின் பதிவுகளும் அவள் பொறுப்பு. போன வருடத்திலிருந்து தகவல் பாதுகாப்பு என்ற பெயரில் வரும் வேலைகளும் அவள் தலையில்தான். பாலாஜியை ஆலோசனை அறைக்கு அழைத்துப் போய்க் கதவைச் சாத்தினாள். அவன் கையிலிருந்த போன் அவனுடையது இல்லை, அண்ணனுடையது. அதை அவள் முகத்துக்கு நேரே நீட்டினான்.

'வணக்கம் வினோதினி! கருமுட்டை தானத்தின் மூலம் குழந்தைப் பேறு பெற்ற தங்களுக்கு வாழ்த்துகள். பௌர்ணமியை முன்னிட்டு இரண்டாவது குழந்தைக்கான ஆலோசனை இலவசம்.' கீழே மையத்தின் பெயர்.

கவிநிலா இரண்டாம் முறை படித்தாள்.

"எல்லாரும் சாப்பிட்டுக்கிட்டு இருந்தோம்" என்றான் பாலாஜி. குரல் இப்போது இறங்கியிருந்தது. "அண்ணன் சத்தமா படிச்சிட்டாரு. படிச்சு முடிச்ச பிறகுதான் என்ன படிச்சோம்னே அவருக்குப் புரிஞ்சுது. அம்மா கேட்டாங்க, தானம்னா இன்னாடானு. நான் இன்னா சொல்றது? அன்னிலேர்ந்து அம்மா குழந்தையைத் தூக்கறதில்ல. தூரத்திலேர்ந்து பார்க்கறாங்க. மூக்கைப் பார்க்கறாங்க, காதைப் பார்க்கறாங்க. வினோதினி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துட்டு நேத்து போளூருக்கு அவ அம்மா வீட்டுக்குப் போயிட்டா."

"இந்த நம்பர் எங்களுக்கு..."

"நான்தான் குடுத்தேன். அன்னிக்கு என் போன் ஒடஞ்சு போச்சு. நீங்க கூப்பிட்டா தவறிடக் கூடாதுன்னு அண்ணன் நம்பரைக் குடுத்தேன். அப்புறம் என் நம்பரைச் சொல்லி மாத்தச் சொன்னேனே?"

மாற்றச் சொன்னதை யாரோ ஒரு தாளில் குறித்திருக்கலாம். கணினியில் அண்ணனின் எண் அப்படியே இருந்தது.

அவனை அனுப்பிவிட்டுக் கவிநிலா மையத்தின் தலைவரான டாக்டர் ஆர்த்தியின் அறைக்குப் போனாள். டாக்டர் ஒரு மாதம் முன்புதான் சென்னையில் ஒரு விளம்பர நிறுவனத்தைப் பிடித்திருந்தார். பழைய நோயாளிகளுக்கு வாழ்த்தும் சலுகையும் அனுப்புவது அவர்கள் வேலை. பெயரையும் எண்ணையும் எடுத்துக்கொள்ளட்டும் என்று மையத்தின் பாஸ்வேர்டையே கொடுத்துவிட்டார். எதை எடுக்கலாம், எதைத் தொடக் கூடாது என்று எழுத்தில் ஒன்றும் இல்லையே என்று கவிநிலா அப்போது கேட்டாள். பார்த்துக்கலாம் என்று டாக்டர் சொன்னார். அதற்கு மேல் அவள் கேட்கவில்லை.

அந்த நிறுவனம் பெயர், எண்ணோடு நிற்கவில்லை. யாருக்கு என்ன சிகிச்சை என்பதையும் எடுத்து, சிகிச்சைக்கு ஏற்றபடி வகை வகையாகச் செய்தி எழுதி அனுப்பியிருந்தது. அனுப்பிய பட்டியலை மதியத்துக்குள் கவிநிலா வாங்கிவிட்டாள். திரையில் கீழே இழுக்க இழுக்கப் பெயர்கள் வந்துகொண்டே இருந்தன.

"சரோஜாக்கா இல்ல மேடம்" என்றாள். "நாமதான்."

டாக்டர் பட்டியலை ஒரு முறை மேலும் கீழும் இழுத்துப் பார்த்தார். பிறகு, "சரோஜாவைக் கொஞ்ச நாள் லீவுல அனுப்பிடலாமா? அந்தாளு அமைதியாவான்" என்றார்.

"அவங்க பண்ணலைனு தெரிஞ்ச பிறகா மேடம்?"

டாக்டர் திரையை வேறு பக்கம் திருப்பி வைத்தார். சரோஜா மறுநாளும் வேலைக்கு வந்தாள்.

அந்த வாரக் கடைசியில் பாலாஜியின் வக்கீலிடமிருந்து நோட்டீஸ் வந்தது. மையமும் சென்னை நிறுவனமும் பரிமாறிக்கொண்ட மெயில்கள், அனுப்பிய செய்திகள், பட்டியல்கள், யார் எப்போது பதிவுகளைத் திறந்தார்கள் என்ற விவரம் எதுவும் அழிக்கப்படக் கூடாது, கேட்கும்போது கோர்ட்டில் தர வேண்டும் என்று எழுதியிருந்தது. மையத்தின் வக்கீல் முருகையன் தேரடித் தெருவிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு உடனே வந்தார்.

"சென்னைக்காரங்களை எல்லாத்தையும் அழிக்கச் சொல்லிட்டேன் சார்" என்றார் டாக்டர். "கையில வெச்சிருந்தாதானே ஆபத்து?"

முருகையன் குடித்துக்கொண்டிருந்த டீயை வைத்துவிட்டார். "எப்ப சொன்னீங்க?"

"இப்பதான். காலையில."

"உடனே போன் போட்டு நிறுத்துங்கம்மா. நோட்டீஸ் வந்த பிறகு அழிச்சா அதுக்குத் தனியா கேஸு வரும். தப்பு நடந்துச்சுன்னா அது ஒரு தப்பு. ஆதாரத்தை அழிச்சா நீங்க வேணும்னே பண்ணினதாதான் ஆவும்."

கவிநிலா அங்கேயே நின்று சென்னைக்குப் பேசினாள். நல்லவேளை, அங்கே இருந்த பையன் இன்னும் எதையும் தொடவில்லை. ஒன்றையும் அழிக்காதீர்கள், புதிதாக ஒன்றும் அனுப்பாதீர்கள் என்று சொல்லி, அதையே மெயிலிலும் எழுதி அனுப்பினாள். மையத்துக் கணினிகள் பழைய பதிவுகளைத் தாமாகவே அழிக்கும் ஏற்பாட்டையும் நிறுத்தினாள். தவறான பொத்தானை அழுத்திவிடுவோமோ என்று ஒவ்வொன்றையும் திரும்பத் திரும்பப் பார்த்தாள்.

"இன்னொண்ணு" என்றார் முருகையன். "இந்த ஒரு வீட்டோட போகாது. பட்டியல்ல இருக்கற எல்லாருக்கும் நடந்ததை நீங்களே சொல்லணும். தகவல் பாதுகாப்புக்குனு வந்த புதுச் சட்டம் அதைத்தான் சொல்லுது."

"அது இன்னும் முழுசா அமலுக்கு வரலையே சார்?" என்றார் டாக்டர்.

"வராட்டி என்னம்மா? உங்களை மாதிரி சென்டருங்களுக்கு ரகசியம் காக்கணும்னு ஏற்கனவே தனிச் சட்டம் இருக்குது. நாளைக்கு ஜட்ஜு கேப்பாரு, தெரிஞ்சும் ஏன் சும்மா இருந்தீங்கனு."

டாக்டர் பெருமூச்சு விட்டார். "சரி. எல்லாருக்கும் மன்னிப்புக் கேட்டு ஒரு மெசேஜ் போட்டுடலாம்."

"அதே நம்பருக்கா மேடம்?" என்றாள் கவிநிலா.

பட்டியலில் எத்தனை எண்கள் மாமியாருடையவை, எத்தனை மச்சானுடையவை என்று யாருக்கும் தெரியாது. மன்னிப்பு கேட்கும் செய்தியே போய் இன்னொரு வீட்டை உடைக்கும். கடிதம் போட்டாலும் அதைப் பிரிக்கப்போவது யார் கை என்று எப்படித் தெரியும்?

ஒவ்வொருவராக அழைத்துப் பேசுவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. மையத்தின் பெயர் தெரியாத ஒரு புது எண்ணை வாங்கினார்கள். ஆலோசனை அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கவிநிலாவும் சரோஜாவும் உட்கார்ந்தார்கள். உரியவள்தான் பேசுகிறாள் என்று உறுதியாகும் வரை எங்கிருந்து பேசுகிறோம் என்று சொல்லக் கூடாது. பக்கத்தில் யாராவது இருந்தால் பிறகு கூப்பிடச் சொல்ல வேண்டும். வேறு யாராவது எடுத்தால்?

"மகளிர் குழுவுல இருந்து பேசறோம்னு சொல்லிடலாம் மேடம்" என்றாள் சரோஜா.

"பொய் வேணாம்க்கா. அப்புறம் அவங்க அந்தப் பொய்க்கும் சேர்த்து வீட்டுல பதில் சொல்லணும். பேர் மட்டும் சொல்லலாம்."

பேரை மட்டும் சொல்வதும் எளிதாக இல்லை. எந்தக் கவிநிலா, எந்த ஊர், என் பொண்டாட்டி நம்பர் உனக்கு எப்படிக் கிடைத்தது என்று ஓர் ஆள் விடாமல் துருவினான். கவிநிலா வைத்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் அவன் மனைவியே அந்த எண்ணுக்குக் கூப்பிட்டாள். விஷயத்தைக் கேட்டதும் அவளுக்குக் கோபம் பொங்கிவிட்டது.

"எதுக்குங்க சொன்னீங்க? அந்த மெசேஜு எனக்குதான் வந்துச்சு. நானே பார்த்து அழிச்சிட்டு நிம்மதியா இருந்தேன். இப்ப இவரு யாரு கூப்பிட்டதுன்னு என் போனைக் கேட்டு உட்கார்ந்திருக்காரு."

கவிநிலா, மன்னிச்சுக்குங்க என்றாள். எதிர்முனையில் ஏற்கனவே வைத்தாகிவிட்டது.

சிலர் அழுதார்கள். சிலர் எங்க வீட்ல எல்லாருக்கும் தெரியும் என்று சாதாரணமாகச் சொன்னார்கள். ஒவ்வொரு முறை எண்ணை அழுத்தும்போதும் யார் எடுப்பார்களோ என்று கவிநிலா முதல் சத்தத்துக்கே காதைத் தீட்டிக்கொண்டாள். வீட்டுக்குப் போய் உட்கார்ந்தாலும் காதில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. சோற்றைப் பிசைந்தபடி எழுந்து போய் வாசலில் நிற்பாள். பிறகு எதற்கு எழுந்தோம் என்று மறந்துபோகும்.

பௌர்ணமி அன்று மதியம் மணிமொழி என்ற பெயருக்கு நேரே இருந்த எண்ணை அழைத்தாள். ஒரு மூத்த பெண்ணின் குரல், பின்னால் ஒரே இரைச்சல்.

"மணிமொழியா? எம் மருமக. ஜவுளிக் கடைக்கு வேலைக்குப் போயிருக்கா. நீ யாரும்மா?"

"நான் கவிநிலாங்க. அவங்ககிட்ட பேசணும்."

"கூட வேலை செய்யற பொண்ணா? இது எம் போனு, தங்கம்மாள். அடி அண்ணாமலையில தேங்கா பழக் கடை வெச்சிருக்கேன். ஏம்மா, நீ படிச்ச பொண்ணுதானே? இதுல பத்து பதினஞ்சு நாளா ஏதோ மெசேஜு வந்து நிக்குது. எனக்குப் படிக்க வராது. பஞ்சாயத்து ஆபீஸ்காரன் எவனாச்சும் அனுப்பினானோ, கடைய எடுக்கச் சொல்றானோனு ஒரே கவலை. சாயங்காலம் எம் பெரிய மவன் ஒத்தாசைக்கு வருவான், படிக்கச் சொல்லணும்."

கவிநிலா பேனாவை எடுத்துக்கொண்டாள். "ஆபீஸு மெசேஜா இருக்காதுங்க, கவலைப்படாதீங்க. மணிமொழி எந்தக் கடையில இருக்காங்க?"

பட்டியலில் மணிமொழியின் பெயருக்கு எதிரே விந்தணு தானம் என்று இருந்தது. கவிநிலா துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு ஸ்கூட்டி சாவியை எடுத்தாள்.

ஊர் முழுக்கக் கூட்டம். பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் சாலையை அடைத்துக்கொண்டு கோபுரத்தைப் பார்த்து நடந்தார்கள். சந்து சந்தாகப் புகுந்து அவள் கடையைப் பிடித்தபோது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. புடவைப் பிரிவில் மடித்துக்கொண்டிருந்த மணிமொழி ஐந்து மாத வயிற்றோடு இருந்தாள். மாடிப்படிக்குக் கீழே தனியாக அழைத்துப் போய்க் கவிநிலா எல்லாவற்றையும் சொன்னாள். மணிமொழி சுவரில் கையை ஊன்றிக்கொண்டாள்.

"எனக்காக இல்லைங்க" என்றாள். "அவரு தாங்க மாட்டாரு. கொறை அவருக்குனு எங்க ரெண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. எங்க பெரிய மாமா படிச்சாருனா இன்னிக்கே ஊர் பூரா தெரியும். எங்க வீட்டுக்காரரு பெங்களூரு லாரியில போயிருக்காரு. திரும்பி வந்து ஊருக்குள்ள எப்படி நடப்பாரு?" சட்டென்று கவிநிலாவின் கையைப் பிடித்தாள். "நீங்களே இங்கேர்ந்து அதை அழிக்க முடியாதா?"

"போன மெசேஜைத் திரும்ப எடுக்க முடியாதுங்க. வாங்க, வண்டி இருக்கு. போயிடலாம்."

கடை மேலாளரிடம் தலை சுற்றுகிறது என்று சொல்லிவிட்டு மணிமொழி வந்தாள். செங்கம் சாலையை அடைத்திருந்தார்கள். காஞ்சி சாலைப் பக்கமாகச் சுற்றிப் போனார்கள். அங்கேயும் ஓர் இடத்தில் தடுப்புப் போட்டு, அதற்கு மேல் வண்டி போகாது என்றுவிட்டார்கள். வண்டியை ஒரு வீட்டுச் சுவரோரம் விட்டுவிட்டு நடந்தார்கள். கிரிவலம் வருகிற கூட்டம் எதிரே வெள்ளமாக வந்தது. அவர்கள் அதைக் கிழித்துக்கொண்டு போக வேண்டியிருந்தது. மணிமொழி வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு வேகமாக நடந்தாள். கவிநிலா முன்னால் போய் ஆட்களை விலக்கினாள். "மெதுவா வாங்க, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே அவளும் ஓடினாள்.

கடைக்குப் பெரியவன் ஏற்கனவே வந்துவிட்டிருந்தான். போன் அவன் காதில் இருந்தது. இன்னும் ஒரு மூட்டை தேங்காய் வேண்டும் என்று யாரிடமோ கத்திக்கொண்டிருந்தான். மணிமொழி கடைக்கு முன்னால் மூச்சு வாங்க நின்றாள்.

"இன்னாடி, இந்நேரத்துல வந்துட்ட? உடம்புக்கு முடியலையா?" என்றாள் தங்கம்மாள்.

"இல்லத்த. பௌர்ணமியாச்சே, ஒத்தாசைக்கு வந்தேன்."

பெரியவன் பேசி முடித்தான். "டேய், அப்பிடியே அந்த மெசேஜு இன்னானு பாரு" என்றாள் தங்கம்மாள். அவன் போனை முகத்துக்கு நேரே கொண்டுபோய்க் கண்ணைச் சுருக்கினான்.

"குடுங்க மாமா, நான் பார்க்கறேன்" என்று மணிமொழி கையை நீட்டினாள். "உங்களுக்கு வியாபாரம் நிக்குது பாருங்க."

மாலை போட்ட ஒரு கூட்டம் கடை முன் வந்து நின்று தேங்காய் கேட்டது. அவன் போனை அவள் கையில் போட்டுவிட்டுத் திரும்பினான்.

அவள் படித்தாள். உதடு அசையவில்லை.

"இன்னா போட்டிருக்கு?"

"ஆஸ்பத்திரி விளம்பரம் அத்தை. பௌர்ணமிக்குச் சலுகையாம்."

"அடப்பாவிங்களா, ஆஸ்பத்திரிக்குக் கூடவா?" தங்கம்மாள் வாய்விட்டுச் சிரித்தாள். மணிமொழியின் கட்டைவிரல் நகர்ந்தது. சற்றுத் தள்ளி நின்ற கவிநிலா அதைப் பார்த்தாள். எதையும் அழிக்கக் கூடாது என்று ஒரு வாரமாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தவள் அவள். இதை மட்டும் தடுக்கத் தோன்றவில்லை. அது அந்த வீட்டுப் போன். அவர்களுடைய செய்தி.

மணிமொழி போனை மாமியாரிடம் கொடுத்துவிட்டுக் கடைக்குப் பின்னால் வந்தாள். முகம் வேர்த்திருந்தது.

"என் பேரை எடுத்துடுங்க" என்றாள் மெல்லிய குரலில். "உங்க கம்ப்யூட்டர்ல என்னைப் பத்தி இருக்கறது அத்தனையையும் அழிச்சிடுங்க."

கவிநிலா இதை எதிர்பார்த்திருக்க வேண்டும். எதிர்பார்க்கவில்லை. "இப்ப முடியாதுங்க" என்றாள். "கேஸுக்கு நோட்டீஸ் வந்திருக்கு, அது முடியற வரைக்கும் எதையும் தொடக் கூடாது. ஆனா பூட்டி வெச்சிருக்கேன். யாரு திறந்தாலும் எனக்குத் தெரியும்."

"உங்களை எனக்கு இன்னிக்குதாங்க தெரியும்."

சொல்லிவிட்டு அவள் கடைக்குள் போய்த் தேங்காய்களை எடுத்து அடுக்க ஆரம்பித்தாள். கவிநிலா கூட்டத்தோடு கூட்டமாக நடந்து வண்டியை விட்ட இடத்துக்கு வந்து சேர்ந்தாள்.

பட்டியலை முடிக்க மேலும் பல நாட்கள் ஆயின. கடைசி வரை எடுக்காத எண்களும் இருந்தன. டாக்டர் ஆர்த்தி சென்னை நிறுவனத்தின் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டார். யாருக்கு என்ன சிகிச்சை என்பதை இப்போது அவரும் மையத்தின் ஆலோசகரும் மட்டும்தான் பார்க்க முடியும். சரோஜாவுக்குக்கூடத் தெரியாது. சரோஜாவுக்கு அது நிம்மதியாகவே இருந்தது. பாலாஜி ஒருநாள் தெருவில் அவளை நிறுத்தி, கோபத்துல பேசிட்டேன்க்கா என்றானாம். அவள் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்தாளாம்.

டாக்டர் போளூருக்கும் போய் வந்தார். வினோதினி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசல்படியில் நின்றபடியே அவர் சொன்னதைக் கேட்டாள். நோட்டீஸ்ல கேட்டதைக் குடுங்க, போதும் என்றாள். கேட்டது அத்தனையையும் கவிநிலா தொகுத்துக் கொடுத்தாள். அதில் டாக்டர் பாஸ்வேர்டைக் கொடுத்த மெயிலும் இருந்தது. அழித்துவிடச் சொன்ன அந்தக் காலை நேரத்துப் பேச்சையும் அவள் மறைக்கவில்லை. டாக்டர் சில நாட்கள் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. வேலையை விட்டு அனுப்பவும் இல்லை. பாலாஜி ஊருக்குள் தனியாக வாடகைக்கு ஒரு வீடு பார்த்து மனைவியையும் குழந்தையையும் அழைத்து வந்துவிட்டான். அவன் அம்மா இதுவரை அந்த வீட்டுக்கு வரவில்லை. வழக்கு வாய்தாவுக்கு மேல் வாய்தாவாகப் போய்க்கொண்டிருக்கிறது.

தை மாதம் ஒரு காலை, கவிநிலாவின் மேசையிலிருந்த போன் அடித்தது. தெரியாத எண்.

"நான் மணிமொழி. இந்த நம்பரை எழுதிக்குங்க. என் பேர்ல வாங்கினது. பழசை எடுத்துட்டு இதைப் போட்டுடுங்க."

"பழசு பதிவுல இருக்கும்ங்க, ஆனா யாரும் கூப்பிட மாட்டோம். இனிமே இதுக்குத்தான் கூப்பிடுவோம்" என்றாள் கவிநிலா. எண்ணை உடனே கணினியில் ஏற்றி, அவளிடம் திரும்ப ஒரு தடவை வாசித்துச் சரிபார்த்தாள்.

"சரிங்க" என்று மணிமொழி வைத்துவிட்டாள்.

குழந்தை பிறந்திருக்கும் நேரம்தான். கேட்க வேண்டும் என்று நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை. அவள் அந்தப் பதிவை மூடிவிட்டு எழுந்து, தங்கள் எண்ணைச் சரிபார்க்கக் காத்திருந்த அடுத்த தம்பதியை உள்ளே வரச் சொன்னாள்.